1/3 மேசையில் ஐந்து நாள்: தோற்ற காசைவிட ரேக்தான் எரிச்சல்

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போக்கர் ஆடவென்றே ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு என்று பைசா சுத்தமாகக் கணக்குப் போடுவார்கள். மேசை மணிக்கு எவ்வளவு வாங்குகிறது என்பதை மட்டும் போட மாட்டார்கள். முதலில் ரேக் (மேசை நடத்துகிற கேசினோ எடுத்துக்கொள்ளும் பங்கு), பிறகு பணப்பை, பிறகு மேசைப் பழக்கம், கடைசியில் ஏற்ற இறக்கம் என்று வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். வரிசை நிற்குமா என்பது வேறு விஷயம்.

1/3 என்றால் சின்ன பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 3: சீட்டு வருமுன் இரண்டு பேர் முறைவைத்துப் போட்டே ஆக வேண்டிய காசு. நூறு பெரிய பிளைண்ட், அதாவது 300, வழக்கமான பை-இன் (உட்காரும்போது கொண்டுவரும் தொகை). ஒவ்வொரு பாட்டிலிருந்தும் (பாட் என்றால் மேசை நடுவில் சேரும் பந்தயக் காசு) பத்து சதவீதம், ஓர் உச்சவரம்பு வரை, டீலர் எடுத்து மேசைத் துளையில் தள்ளிவிடுவார். ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) விழாமல் முடிந்தால் பெரும்பாலும் ரேக் இல்லை. மணிக்கு 28 கை (ஆட்டம்), கைக்குச் சராசரி 5 என்று வையுங்கள்: 140 போகிறது. ஒன்பது பேருக்கு வகுத்தால் ஆளுக்குப் பதினைந்தரை. ஜெயித்த பாட்டுக்கு 1 என்று டீலர் டிப்ஸையும் சேர்த்தால் மணிக்குச் சுமார் 18, அதாவது 6 பெரிய பிளைண்ட். செலவெல்லாம் போக மணிக்கு 6 பிளைண்ட் மிச்சம் பிடிக்கிறவர் இந்த மட்டத்தில் நல்ல ஆட்டக்காரர்தான். அவர் மற்றவர்களிடமிருந்து பிடுங்குவது 12, அதில் பாதி துளைக்குள்! கொள்ளை என்று சொன்னால் கோபப்படுவார்கள். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் சின்ன பாட்டுக்குத்தான் அடி அதிகம். உச்சவரம்பு 7 என்றால் 30 பாட்டிலிருந்து 3 போகிறது, 200 பாட்டிலிருந்து 7 மட்டும். அதனால் சும்மா 3 போட்டு உள்ளே நுழைந்து குட்டிக் குட்டிப் பாட்டாகப் பொறுக்குவது கேசினோவுக்கு உழைப்பது போல. உட்காருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: உச்சவரம்பு எவ்வளவு, ஜாக்பாட்டுக்கென்று தனியாக எடுக்கிறார்களா, பாட்டுக்கா அல்லது நேரத்துக்கா கட்டணம்? ஊர் கிளம்புமுன் அங்கே இந்த ஆட்டத்துக்குச் சட்டப்படி அனுமதி உண்டா என்றும் பார்த்துவிடுங்கள்.

பணப்பைக்கு வருவோம். நேரடி மேசையில் திட்ட விலக்கம் (முடிவு சராசரியிலிருந்து மேலும் கீழும் ஆடும் அளவு) மணிக்கு சுமார் 50 பெரிய பிளைண்ட். லாபம் மணிக் கணக்கில் கூடும். ஆட்டம் காணும் அளவோ மணியின் வர்க்கமூலத்தில்தான் கூடும். ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் நல்ல ஆட்டக்காரர் எதிர்பார்ப்பது 36 பிளைண்ட் லாபம், விலக்கம் 122. பத்து நாளில் கிட்டத்தட்ட நாலு நாள் நஷ்டம் என்று அர்த்தம். ஐந்து நாள் பயணம், 30 மணி நேரம்: எதிர்பார்ப்பு 180, விலக்கம் 274. நன்றாக ஆடுகிறவரே நாலில் ஒரு பயணம் கைக்காசை விட்டுத்தான் திரும்புவார். கையைக் கடிக்காமல் சமமாக ஆடுகிறவருக்கு இருபதில் ஒரு பயணம் 450 பிளைண்டுக்கு மேல் போகும். ஐந்து பை-இன் கொண்டுபோக வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. அறை வாடகையும் திரும்பி வரும் டிக்கெட்டும் அந்தப் பணத்தோடு ஒரே பையில் இருக்கவே கூடாது. நாளுக்கு இரண்டு பை-இன் தனி உறையில். மீதி அறைப் பெட்டகத்தில்.

மேசையில் சிப் போடுவதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் 3 வைத்திருக்கிறார், நீங்கள் வாய் திறக்காமல் ஒரே ஒரு 25 சிப்பை வைத்தால் அது ரைஸ் (தொகையை ஏற்றுவது) இல்லை, கால் (அதே தொகையைப் போட்டுத் தொடர்வது). 22 திரும்பி வரும். கொஞ்சம் வைத்துவிட்டு, மறுபடி ஸ்டாக்குக்கு (உங்கள் சிப் குவியலுக்கு) கை போய் இன்னும் கொஞ்சம் வைத்தால் முதலில் வைத்ததுதான் செல்லும். தொகையை வாயால் சொல்லிவிட்டு வையுங்கள், வம்பே இல்லை. சொன்ன சொல் கட்டும் என்பதையும் மறக்காதீர்கள். சீட்டு மேல் ஒரு சிப்பை வைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் டீலர் கழித்த சீட்டோடு வாரிக்கொண்டு போய்விடுவார். பெரிய மதிப்புச் சிப்புகள் முன்வரிசையில் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் ஒரு மணி நேரத்தில் பழகிவிடும்.

இரண்டு ஏஸ் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். 221 கைக்கு ஒரு தடவை, இந்த வேகத்தில் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஐந்து நாளில் நாலு தடவை பார்த்தால் வழக்கமான அளவு. அதை வாங்கி, நாலு பேர் ஏற்கெனவே 3 போட்டு நுழைந்திருக்கும்போது, இணைய ஆட்டத்துப் பழக்கத்தில் 9 என்று ஏற்றுகிறார்கள். நாலு பேரும் பெரிய பிளைண்ட் வைத்தவரும் கால் அடிப்பார்கள்: பாட்டில் 55, எதிரே ஐந்து பேர். ஏதோ ஐந்து கைகளுக்கு எதிராகக் கடைசி சீட்டு வரை போனால் இரண்டு ஏஸ் ஜெயிப்பது 49 சதவீதம்தான். இரண்டு பேருக்கு எதிராக 73. சரியான தொகை 15, நுழைந்தவர் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 3, ஆக 27. பேராசை மாதிரி தெரியும், ஆனால் இந்த மேசைகளில் அதற்கும் ஒன்றிரண்டு பேர் வருவார்கள். அப்புறம் ஃப்ளாப்பில் ஆட்டின் பத்து, ஆட்டின் ஒன்பது, கிளாவர் ஆறு விழுந்து, இரண்டு மணி நேரமாக வெறும் கால் மட்டுமே அடித்துக்கொண்டிருந்தவர் டர்னில் (நாலாவது பொதுச் சீட்டில்) திடீரென்று ரைஸ் அடிக்கிறார் என்றால் ஏஸை மடக்கி விலகுங்கள். இந்த மட்டத்தில் அமைதியானவர் டர்னிலும் ரிவரிலும் (கடைசிப் பொதுச் சீட்டில்) அடிக்கும் ரைஸில் பொய் மிகக் குறைவு. "இவ்வளவு நேரம் காத்திருந்து வந்த ஏஸ்" என்பது காசு வைக்கக் காரணம் ஆகாது.

எல்லாம் சரியாகச் செய்து, எதிரே இரண்டு கிங்கோடு முழு ஸ்டாக்கும் உள்ளே போனாலும் நூறில் 18 தடவை தோற்கும். வறட்சியும் அப்படித்தான். ஜோடி 17 கைக்கு ஒரு முறை, அது ஃப்ளாப்பில் செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) ஆவது எட்டரைக்கு ஒரு முறை. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு செட். ஆறு மணி உட்கார்ந்தும் ஒன்றுகூட வராத நாள் மூன்றில் ஒன்றுக்குப் பக்கம். இது தெரியாதவர்தான் நாலாம் மணியில் கிங்-ஏழை "பார்த்துவிடலாம்" என்று ஆட ஆரம்பிப்பார். டில்ட் (நிதானம் இழந்து ஆடுவது) என்றாலே மேசையைத் தட்டிக் கத்துவது என்று நினைக்கிறார்கள். நேரடி ஆட்டத்தில் அது பெரும்பாலும் சலிப்பு வடிவில்தான் வருகிறது.

பெரிய பாட் போனால் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள், ஒன்பது கை, இருபது நிமிடம். பிளைண்ட் தவறினால் டீலர் உங்கள் இடத்தில் ஒரு பட்டன் (அடையாள வில்லை) வைப்பார். திரும்பி வந்து பெரிய பிளைண்ட் உங்களிடம் வரும்வரை காத்திருந்தால் கூடுதல் செலவு இல்லை. இரண்டு பை-இன் போன நாளில் எழுந்துவிடச் சொல்வது சீட்டு உங்களுக்கு எதிராக இருக்கிறது என்பதற்காக அல்ல, சீட்டுக்கு ஞாபகம் கிடையாது. 600 போன பிறகு பெரும்பாலானவர்கள் கையைப் பார்க்காமல் அந்த 600-ஐப் பார்த்து ஆடுகிறார்கள், அதற்காக. ஜெயிக்கும்போதும் சிக்கல் உண்டு. முன்னால் 900 இருக்கிறது, இடது பக்கம் இன்னொரு 900 வந்து உட்காருகிறது என்றால் இது 300 பிளைண்ட் ஆட்டம். ஒற்றை ஜோடியை நம்பி ஸ்டாக் வைக்கவே முடியாது. பாதியை எடுத்துப் பையில் போடவும் விதி விடாது. மொத்தமாக எழுந்துபோகலாம், அதில் வெட்கம் இல்லை.

நோட்டில் நான்கு கட்டம் போதும்: தேதி, மணி, உள்ளே போட்டது, வெளியே எடுத்தது. மறுநாள் விடியற்காலை விமானம் என்றால் முந்தின இரவே காசாளரிடம் சிப்பை மாற்றிவிடுங்கள். அடையாள அட்டை கேட்கலாம், வரிசையும் நீளமாக இருக்கலாம், அந்தக் கேசினோ சிப்பை அடுத்த கேசினோவில் பொதுவாக வாங்கமாட்டார்கள்.