வைப்பர் மோட்டார் வைத்த ராக்கெட்

முழுசாகக் கட்டாமலே போன ராக்கெட்டுகளில் உனக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ஓட்ராக் என்பேன். 1970-களில் மேற்கு ஜெர்மனியில் லுட்ஸ் கைசர் என்ற பொறியாளர் நடத்திய தனியார் நிறுவனத்தின் பெயரும் அதுதான். அரசாங்கங்கள் மட்டுமே ராக்கெட் விட்டுக்கொண்டிருந்த காலம். வரிச்சலுகைக்காகப் பணம் போட்ட சாதாரண ஜெர்மன் முதலீட்டாளர்களை நம்பி இவர்கள் இறங்கினார்கள்.

பெரிய திரவ என்ஜின்களில் செலவும் தலைவலியும் அதிகம் பிடிப்பது டர்போபம்ப், அதாவது திரவத்தை என்ஜினுக்குள் வேகமாகத் தள்ளும் பம்ப். நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் ஒரே ஒரு எஃப்-1 என்ஜினுக்கு எரிபொருள் தள்ளவே 55,000 குதிரைத்திறன் வேண்டியிருந்தது. கைசர் அந்த பம்பையே தூக்கிவிட்டார். சுமார் 27 சென்டிமீட்டர் விட்டமுள்ள நீளமான எஃகுக் குழாய், அதில் மூன்றில் இரண்டு பங்கு திரவம், மீதி இடத்தில் அழுத்தப்பட்ட வெறும் காற்று, அடியில் ஒரு சின்ன என்ஜின். அவ்வளவுதான். காற்று திரவத்தைத் தள்ளும், என்ஜின் எரியும். டேங்க் காலியாகக் காலியாக அழுத்தம் குறையும், உந்துவிசையும் கூடவே குறையும். ஆனால் ராக்கெட்டின் எடையும் அதே நேரத்தில் குறைந்துகொண்டே வருவதால் அது பெரிய குறையே இல்லை. நம்ம பி.எஸ்.எல்.வி-யின் நான்காவது கட்டமும் பம்ப் இல்லாமல் வாயு அழுத்தத்தில் ஓடுவதுதான், ஆனால் அது உச்சியில் இருக்கும் சின்னக் கட்டம். தரையிலிருந்து கிளப்பும் முதல் கட்டத்துக்கே அந்த முறை என்றால் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் அழுத்தத்தைத் தாங்க டேங்க் தடிமனாக வேண்டும், தடிமனானால் எடை கூடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வால்வு. எரிபொருளுக்கு ஒன்று, அதை எரிக்கும் அமிலத்துக்கு ஒன்று என்று இரண்டு பந்து வால்வுகள் (ball valve), இரண்டையும் சேர்த்துத் திருப்ப ஒரு மோட்டார். அது கார் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரின் மோட்டார்! மழையில் வருஷக்கணக்கில் ஓடித் தேர்ந்த, கார் கம்பெனிகள் லட்சக்கணக்கில் வாங்கும் பொருள் கையில் இருக்கும்போது, ராக்கெட்டுக்கென்று தனியாக எதற்கு ஒன்றைச் செய்ய வேண்டும்?

எரிபொருள் மண்ணெண்ணெய் வகை, அதை எரிக்க நைட்ரிக் அமிலம். இரண்டும் தொட்டவுடன் தானாகப் பற்றிக்கொள்ளாது. அதனால் எரிபொருளுக்கு முன்னால் கொஞ்சம் ஃபர்ஃபியூரில் ஆல்கஹால் போகும்படி வைத்தார்கள். அது அமிலத்தைத் தொட்டதுமே தீப்பிடிக்கும், பின்னால் வருவது அந்தத் தீயில் பற்றும். சோளக்கதிர்ச் சக்கை, கரும்புச் சக்கையிலிருந்து கிடைக்கும் மலிவான ரசாயனம்தான் அது. தீ மூட்டத் தனியாக இக்னைட்டர் எதுவும் கிடையாது.

ஒரு குழாயின் உந்துவிசை சுமார் இரண்டரை டன்தான். அதனால் விறகுக் கட்டு மாதிரி நூற்றுக்கணக்கான குழாய்களைச் சேர்த்துக் கட்டுவது திட்டம்: வெளி வரிசைகள் முதலில் எரிந்து கழன்று விழும், அப்புறம் உள்ளே இருப்பவை. திசை திருப்ப என்ஜினை அசைக்கத் தேவையில்லை, ஒரு பக்கத்து வால்வுகளைக் கொஞ்சம் மூடினால் ராக்கெட் அந்தப் பக்கம் சாயும். ஒரு என்ஜின் செத்தால் எதிர்ப்பக்கத்தில் ஒன்றை அணைத்துவிடலாம். என்ஜினைச் சிறப்பானதாக்க யாரும் மெனக்கெடவில்லை, ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்து விலையை இறக்குவதுதான் நோக்கம்.

இத்தனை என்ஜின் சேர்ந்தால் உருப்படாது என்று அப்போது பலர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் கட்டத்தில் முப்பது என்ஜின் வைத்த சோவியத்தின் நிலவு ராக்கெட் என்-1 நான்கு முறை கிளம்பி நான்கு முறையும் தோற்றிருந்தது. ஆனால் இன்று ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் ஹெவி ராக்கெட் 27 என்ஜின்களோடு பறக்கிறது, அதனால் எண்ணிக்கை மட்டுமே குற்றம் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. என் சந்தேகம் எடையில்தான். அத்தனை எஃகையும் சுமந்துகொண்டு, திறன் குறைந்த இந்த எரிபொருளோடு சுற்றுப்பாதை வரை போவதற்கு கணக்கில் இடம் மிகக் குறைவு. குழாயின் சுவர் கொஞ்சம் தடித்தாலே ஏற்ற நினைத்த செயற்கைக்கோள் கீழேயே நின்றுவிடும்.

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே எல்லாம் முடிந்துபோனதுதான் எனக்கு ஆற்றாமை. ஏவ இடம் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அதிபர் மொபுட்டு ஷாபா மாகாணத்தில் பெரும் நிலப்பரப்பைக் குத்தகைக்குக் கொடுத்தார். கென்னடி விண்வெளி மையத்தின் முதல் இயக்குநராக இருந்த கர்ட் டெபுஸ் நிறுவனத்தின் தலைவராக வந்தார். 1977 மே மாதம் நான்கு குழாய்களைச் சேர்த்து விட்ட முதல் ராக்கெட் சரியாகவே கிளம்பியது. 1978-ல் மொபுட்டு நேரில் பார்க்க வந்தபோது விட்டது மட்டும் தோற்றது. அதற்குள் சோவியத் தரப்பு இது ஏவுகணைச் சோதனை என்று பிரச்சாரம் செய்ய, சுற்றியிருந்த நாடுகள் பயப்பட, ஜெர்மன் அரசுக்கும் சங்கடமாக, 1979-ல் ஜயர் நிறுத்தச் சொல்லிவிட்டது.

அப்புறம் லிபியா. கடாஃபியின் நாட்டுக்கு ராக்கெட் கொண்டுபோனது தொழில்நுட்பத்தில் எப்படியோ, அரசியலில் பெரிய தவறு என்றே நினைக்கிறேன். ஏவுகணை என்ற சந்தேகத்துக்கு அவர்களே தீனி போட்டதுபோல் ஆகிவிட்டது. 1981-ல் செபாவில் சோதனை நடந்தது, 1980-களின் பிற்பகுதியில் நிறுவனமே இல்லாமல் போனது.

பறந்ததெல்லாம் சின்னக் கட்டுகள்தான். பத்துப் பன்னிரண்டு குழாய்களாவது சேர்த்து, வெளி வரிசையை நடுவானில் கழற்றிக் காட்டியிருந்தால் போதும், இந்த வழி தேறுமா தேறாதா என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.