உலர் வெப்பநிலை என்று நான் எழுதிய வரி

"இங்கிலீஷ்லயே அப்படித்தானே இருக்கு, நாம எதுக்கு மாத்தணும்?"

நான் சொன்னது இவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. மணி ஏழாகிவிட்டது, மறுநாள் காலையில் ரேடியோ மறைப்பு பற்றிய எங்கள் தமிழ்க் கையேடு அச்சுக்குப் போக வேண்டும், சொல்லடைவில் பாதி இன்னும் சரிபார்க்காமல் கிடக்கிறது, அந்த அவசரத்தில் வந்த பதில். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். சில நாள் அது சரியான பதில் என்றே படுகிறது. சில நாள், விஷயம் தெரிந்த ஒரு பிள்ளையின் வாயை அடைக்க எனக்குக் கிடைத்த சுலபமான வழி அது என்று படுகிறது.

சொல் இதுதான்: டிரை டெம்பரேச்சர். நான் போட்டிருந்தது, உலர் வெப்பநிலை.

ரேடியோ மறைப்பு பற்றி முழுசாக விளக்கப் போவதில்லை, இதைப் படிக்கிற பலருக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. 800 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் இன்னொரு செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் அது பூமியின் விளிம்புக்குப் பின்னால் சூரியன் மாதிரி இறங்கி மறையும். மறையப் போகிற அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் அதன் சிக்னல் காற்று மண்டலத்தை மேலிருந்து கீழாகச் சீவிக்கொண்டே வருகிறது, வளைகிறது, தாமதமாகிறது. எவ்வளவு வளைந்தது என்று தெரிந்தால் காற்றின் விலகல் திறன் தெரியும், அதிலிருந்து அழுத்தம், வெப்பநிலை. 1965 ஜூலையில் மரினர் 4 விண்கலம் செவ்வாய்க்குப் பின்னால் போய் மறைந்தபோது இதே வழியில்தான் அங்கே உள்ள காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்று கண்டுபிடித்தார்கள். நம் பூமியின் காற்றையே ஜிபிஎஸ் சிக்னலால் அப்படிப் பார்க்க 1995 வரை, மைக்ரோலேப் 1 என்ற செயற்கைக்கோள் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நம் ஓஷன்சாட் 2, மேகா ட்ராபிக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டிலும் இத்தாலியர்கள் கொடுத்த ரோசா என்ற கருவி இதற்காகவே போனது.

சரி, அந்த மாலைக்கு வருகிறேன்.

ஆராய்ச்சி மாணவி, எங்களுக்கு ப்ரூஃப் பார்க்க வந்திருந்தார். பேசவே மாட்டார், பென்சிலும் கையுமாக மூலையில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு ஒரு தாளைப் பின்பக்கம் திருப்பி என் மேஜையில் வைத்தார். "சார், சென்னைல மைனஸ் 70 வருது" என்றார்.

விலகல் திறனுக்கு உள்ள சமன்பாட்டில் இரண்டு உறுப்புகள். முதலாவது, 77.6 பெருக்கல் அழுத்தம், வகுத்தல் வெப்பநிலை. இரண்டாவது நீராவிக்கு உரியது. அவர் நம் ஊர் சாதாரண நாள் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார். அழுத்தம் 1010 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 300 கெல்வின், அதாவது 27 டிகிரி, நீராவி அழுத்தம் 30. முதல் உறுப்பு 261. இரண்டாவது 124. கூட்டினால் 385. செயற்கைக்கோளுக்குக் கிடைப்பது இந்த 385 மட்டும்தான், இதில் எவ்வளவு காற்று, எவ்வளவு ஈரம் என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஈரமே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்த 385 முழுவதையும் முதல் உறுப்பின் தலையில் கட்டிவிட்டால் வெப்பநிலை 203 கெல்வின் என்று வரும். மைனஸ் 70. இரண்டாவது உறுப்பின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சின்னதாக 'இதை விட்டுவிட்டு' என்று எழுதியிருந்தார்.

அது தோராயக் கணக்குதான். உண்மையில் அழுத்தத்தையும் அதே விலகல் திறன் அளவுகளை வைத்து மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டுதான் வருவார்கள், அதனால் அவ்வளவு மோசமாக வராது. ஆனாலும் பல பத்து டிகிரி குறையும், அதில் சந்தேகமில்லை. டிரை டெம்பரேச்சர் என்பது இந்த எண்தான். காற்று உலர்ந்திருந்தால் என்ன வெப்பநிலை இருந்திருக்கும் என்று கணக்கு சொல்வது. எந்தத் தெர்மாமீட்டரும் அதைக் காட்டாது.

அவர் சொன்னது: "உலர் வெப்பநிலைன்னு போட்டா, உலர் குமிழ் வெப்பநிலைன்னு நினைச்சுக்குவாங்க சார். எங்க காலேஜ்ல வானிலைப் பெட்டிக்குள்ள ரெண்டு தெர்மாமீட்டர் தொங்கும், உலர் குமிழ், ஈரக் குமிழ். அதுல உலர்னா நிஜமான காத்தோட சூடு. இது நிஜமே இல்ல. உலர்கணிப்பு வெப்பநிலைன்னு வைக்கலாமா?"

அப்போதுதான் அந்தப் பதில்.

அவர் வற்புறுத்தவில்லை. "சரி சார்" என்று தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் ஒரு முறை கேட்டிருந்தால் மாற்றியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் அதுவும் நியாயமில்லை. ஒரு மாணவி எத்தனை முறை கேட்க வேண்டும்?

என் பக்கத்திலும் நியாயம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். முதலாவது, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேலே போய்விட்டால் நீராவி இல்லாததற்குச் சமம். அங்கே உலர் வெப்பநிலையும் உண்மை வெப்பநிலையும் ஒன்றுதான். நம் தலைக்கு மேலே 17 கிலோமீட்டரில் மைனஸ் 80ஐ ஒட்டிய குளிர் இருக்கிறதே, அதை இந்த முறை பிடிப்பது போல வேறு எந்தச் செயற்கைக்கோள் முறையும் அவ்வளவு துல்லியமாகப் பிடிப்பதில்லை. அந்த உயரத்தில் இந்தச் சொல்லில் பிழையே கிடையாது. இரண்டாவது, மாணவர் தரவுக் கோப்பைத் திறந்தால் ஆங்கிலத்தில் டிரை என்றுதான் இருக்கும். உலர் என்றால் உடனே பிடித்துக்கொள்வார், கணிப்பு என்று நான் ஒன்றைச் சேர்த்தால் இது வேறு அளவோ என்று தடுமாறுவார். கலைச்சொல் ஆக்குகிறவனுக்கு மூலத்தைத் திருத்த உரிமை கிடையாது, மூலத்தில் உள்ள குழப்பமும் சேர்ந்தே வரட்டும் என்று நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

மீதிப் பாதியை நம்ப முடியாமல் செய்வது அதே கையேட்டின் அடுத்த பக்கம்.

இம்பாக்ட் பாராமீட்டருக்குப் பழைய வரைவில் மோதல் அளவுரு என்று இருந்தது. பூமியின் மையத்திலிருந்து கதிரின் நேர்கோட்டு நீட்சிக்கு உள்ள செங்குத்துத் தொலைவு அது. எதுவும் எதோடும் மோதவில்லை. பார்த்த உடனே அடித்துவிட்டு, கதிர்மையத் தொலைவு என்று போட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே செய்தேன். சந்தோஷமாகச் செய்தேன். அங்கே மூலத்துக்கு விசுவாசம் எங்கே போயிற்று? செட்டிங் ஆக்கல்டேஷன், ரைசிங் ஆக்கல்டேஷன் இரண்டுக்கும் படுமறைப்பு, எழுமறைப்பு என்று வைத்தேன், ஞாயிறு படுவதும் எழுவதும் நம் மொழியில் ஏற்கெனவே இருக்கும்போது வேறு எங்கே போய்த் தேட வேண்டும் என்று. குழுவில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஒளிவிலகல் என்ற பாடநூல் சொல்லில் இருக்கும் ஒளியை எடுத்தேன், ரேடியோ அலைக்கு ஒளி எதற்கு என்று. யாழ்ப்பாணத்திலிருந்து சொற்பட்டியல் பார்த்துத் தந்த ஆசிரியர், அவர்களுக்கு அது முறிவு, முறிவுச் சுட்டி என்று எழுதியிருந்தார். காற்றில் கதிர் பட்டென்று முறிவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வளைகிறது, அதனால் விலகலே இருக்கட்டும் என்று ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம்! அந்தப் பொறுமை அந்த மாலை ஏழு மணிக்கு எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி. எனக்கு வசதியாக இருந்தபோது மூலத்தைத் திருத்தினேன், இன்னொருவர் திருத்தச் சொன்னபோது மூலத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று எழுதினால் அது என் மேல் கொஞ்சம் கடுமைதான். பொய் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒரு வைவா, வாய்மொழித் தேர்வு. என்னைத் தேர்வாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். முதுகலை மாணவன், நல்ல பையன், காஸ்மிக் என்ற ரேடியோ மறைப்புத் திட்டத்தின் தரவை வைத்துப் ப்ராஜெக்ட் செய்திருந்தான். 2006இல் அனுப்பிய ஆறு செயற்கைக்கோள்களின் தரவு, கூடவே மீனம்பாக்கத்தில் காலையும் மாலையும் விடுகிற வானிலை பலூனின் தரவு. இரண்டையும் ஒரே படத்தில் போட்டிருந்தான். சிவப்புக் கோடு பலூன், நீலக் கோடு செயற்கைக்கோள். மேலே 17 கிலோமீட்டர் பக்கம் சிவப்பின் மேல் நீலம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, பார்க்க அவ்வளவு அழகு. எட்டு கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் நீலம் மெதுவாக இடப்பக்கம் பிரிந்து, தரையை நெருங்க நெருங்க ஒரேயடியாகக் குளிரை நோக்கிப் போய்விட்டது. படத்தைப் பார்த்த அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு முன்னால் பென்சில் கோடு இழுத்த அந்தத் தாள்தான் வந்தது.

அந்தப் பிரிவுதான் ஈரம். நம் கடலோரக் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை அந்த இடைவெளியே காட்டுகிறது. ஆனால் அவன் எழுதியிருந்த முடிவு, வெப்பமண்டலப் பகுதிகளில் எட்டு கிலோமீட்டருக்குக் கீழே இந்தத் தரவு நம்பத் தகுந்ததல்ல, கருவிப் பிழை அதிகம்.

உலர் கோப்பு, ஈரக் கோப்பு என்று இரண்டு வகை கிடைக்கும். வானிலை மாதிரியின் துணையோடு நீராவியைப் பிரித்துத் தருவது ஈரக் கோப்பு, பலூனோடு ஒப்பிட வேண்டியது அது. ஏன் உலர் கோப்பை எடுத்தாய் என்று கேட்டேன். "பலூன்ல வர்றதும் உலர் குமிழ் அளவுதானே சார். உலரோட உலரை ஒப்பிட்டேன்" என்றான். ஈரக் கோப்பு ஈரக் குமிழ் மாதிரி ஏதோ என்று நினைத்திருக்கிறான். எங்கள் கையேட்டைக் கையில் வைத்திருந்தான், அந்த வரியின் மேல் மஞ்சள் ஹைலைட்டர்.

அறையில் நான் எதுவும் சொல்லவில்லை. படத்தின் அச்சுக்கோட்டுக்கு அலகு சரியாகப் போடவில்லை என்று மட்டும் சொல்லி மதிப்பெண் போட்டேன், நல்ல மதிப்பெண்தான். எல்லார் முன்னாலும் அவன் முடிவை உடைத்தால் ஒரு வருஷ உழைப்பு அங்கேயே கவிழும் என்று பார்த்தேன். அது உண்மையான காரணம். அது மட்டும்தான் காரணமா என்றால், எனக்கே தெரியவில்லை. பிறகு வராந்தாவில் கூப்பிட்டு, இரண்டாவது உறுப்பு, ஈரக் கோப்பு, எல்லாம் விளக்கினேன். கவனமாகக் குறித்துக்கொண்டான். "அப்போ அந்த இடைவெளி பிழை இல்லையா சார், அதுதான் ரிசல்ட்டா?" என்று கேட்டபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். "கையேட்டுல இதைத் தெளிவா போட்டிருக்கலாம் சார்" என்றான். ஆமாம் என்றேன். அதை எழுதியது நான் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்கு என்ன லாபம் என்று அப்போது நினைத்தேன். சொல்லாததால் எனக்கு என்ன லாபம் என்று வீட்டுக்கு வரும் வழியில் நினைத்தேன்.

போன மாதம் அந்த மாணவியைத் தொலைபேசியில் பிடித்தேன். இப்போது வெளிநாட்டில் இதே தரவைக் கையாளும் வேலையில் இருக்கிறார். வைவா கதையைச் சொன்னேன், அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி, இரண்டாம் பதிப்பில் உலர்கணிப்பு என்று மாற்றுகிறேன் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன் போல. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வேண்டாம் சார். இங்க நாங்க தினமும் டிரை, டிரைன்னுதான் பேசறோம், யாருக்கும் குழப்பம் வரல. அந்தக் கையேட்ட வெச்சு இத்தனை பேர் படிச்சுட்டாங்க, பாடத்துல வந்துருச்சு. இப்ப மாத்தினா ரெண்டு சொல்லு ஆயிடும், ரெண்டும் வேற வேறன்னு நினைப்பாங்க. அன்னைக்கு மாத்தியிருந்தா சரி."

துறைக்குள் இருப்பவர்களுக்குக் குழப்பம் வராது என்பது எனக்கும் தெரியும். கையேடு அவர்களுக்கு எழுதப்பட்டதில்லையே என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் அவர் அம்மாவின் உடம்பைப் பற்றிப் பேச்சு போய்விட்டது. அவர் சொன்னதில், இரண்டு சொல் ஆகிவிடும் என்ற வாதம் கிட்டத்தட்ட நான் அன்றைக்குச் சொன்ன வாதமேதான். அதைக் கேட்க நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அடிக்குறிப்பு போடலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். சொல்லை விட்டுவிட்டு, கீழே நாலு வரியில் அந்த 261, 124 கணக்கை அப்படியே கொடுத்துவிடலாம் என்று. நல்ல யோசனைதான், கணக்கு யார் போட்டது என்றும் எழுதலாம், அவர் சம்மதித்தால். ஆனால் சொல்லடைவில் இருந்து ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிற பிள்ளைகள்தான் அதிகம், அந்தப் பையனும் அப்படித்தான் பார்த்திருப்பான், மஞ்சள் கோடு அந்த ஒற்றை வரியின் மேல்தான் இருந்தது.

இரண்டாம் பதிப்பின் ப்ரூஃப் மேஜையில் இருக்கிறது. மற்ற வரிகளெல்லாம் முடிந்துவிட்டன. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.