தேயிலைக் கணக்கு போய்ச் சேர்ந்த ஊர்

கிளாஸ்கோவில் யாரிடமாவது கேரளா என்று சொன்னால் அடுத்த வாக்கியம் மலையாளத்தில் வரும். இங்கே மலையாளி நர்சுகள் நிறைய. நல்ல மனுஷர்கள், நான் வந்த வருஷமே ஓணத்துக்குக் கூப்பிட்டு இலை போட்டார்கள். என் ஊர் மூணாறு என்றதும் ஒரு சேச்சி தன் ஹனிமூன் படத்தை ஃபோனில் எடுத்துக் காட்டினார். அவருக்குப் பின்னால் தூரத்தில் நாலு பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன்.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்குப் போனால், “கேரளாவா? தமிழ் நல்லா பேசறீங்களே” என்பார்கள். எங்கள் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து போடி வழியாக மலையேறி வந்தவர். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ், கோயிலிலும் சர்ச்சிலும் தமிழ், ரேஷன் கார்டு மட்டும் மலையாளம். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது எங்கள் மூணாறு இருக்கும் தேவிகுளமும் பக்கத்துப் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிப் பார்த்தது. கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தது, நாங்கள் சேரவில்லை. இதையெல்லாம் கையில் சர்க்கரைப் பொங்கல் தட்டை வைத்துக்கொண்டு விளக்க முடியாது. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர்தான் சட்டென்று பிடித்துக்கொண்டார்: “அப்ப நீங்கள் எங்கட மலையகத்து ஆக்கள் மாதிரி.” இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்களைச் சொல்கிறார், கிட்டத்தட்ட சரி.

நான் வந்தது அரசியல் அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு. மதம், சாதி, சமூக நீதி என்று தலைப்பு நீண்டுகொண்டே போகும். கிளாஸ்கோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் மலையை 1877-இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு வாங்கினார். அப்புறம் அது கிளாஸ்கோக்காரர்களான ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனியைத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். மூணாறுக்கு மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாக அடிவாரத்துக் கோட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டி இறங்கிய காலத்துக் கணக்குவழக்கு எல்லாம் இந்த ஊருக்குத்தான் வந்தது. ஃபின்லேயின் பழைய ஆவணங்கள் இன்று கிளாஸ்கோ பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன.

மழைக்கும் குளிருக்கும் நான் அசரவில்லை. சென்னையிலிருந்து வந்த தோழி முதல் நவம்பரிலேயே அழுதாள், எனக்கு அது ஜூலை மாதத்து மூணாறுதான். டாக்டரிடம் பெயர் பதிவது, வங்கிக் கணக்கு, வீட்டு வாடகைக்கு ஆள் ஜாமீன் என்று வழக்கமான அலைச்சல் எல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான், அதை விடுவோம். டீ மட்டும் ஒத்துவரவில்லை. வீடியோவில் பேசும்போது ஒரு டீ பையைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டச் சொன்னார் அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். உற்றுப் பார்த்துவிட்டு, “டஸ்ட்டுல்ல இது? இதுக்கா சீமையில காசு குடுக்குறீங்க?” என்றார்.

இந்த ஊர் எனக்குப் பிடிபட்டது வேறொரு இடத்தில். இங்கே புதிதாக அறிமுகமாகிறவர்கள், “எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?” என்று கேட்டுக்கொள்வார்கள். கேட்பது படிப்பை அல்ல. ஸ்காட்லாந்தில் 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளாகவே தனியாக நடக்கின்றன. புனிதர் பெயரில் பள்ளி என்றால் ஆள் கத்தோலிக்கர், அநேகமாக அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவரின் பேரப்பிள்ளை. கால்பந்தில் பச்சை நிற செல்டிக்கா, நீல நிற ரேஞ்சர்ஸா என்பதும் அதே கேள்விதான். பேர் சொல்லும்படியான ஒரு கத்தோலிக்க ஆட்டக்காரரை ரேஞ்சர்ஸ் எடுத்தது 1989-இல்தான், மோ ஜான்ஸ்டன். ஜூலை மாதம் புராட்டஸ்டண்டுகளின் ஆரஞ்சு ஊர்வலம் டிரம் அடித்துக்கொண்டு போகும்போது எந்தத் தெருவில் சத்தம் கூடுகிறது என்று கவனித்தால் மிச்சம் புரியும். ஊரில் “தாத்தா எந்த ஊருல இருந்து வந்தாரு, எந்தத் தெரு?” என்று அன்பாக விசாரிக்கிற பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதில் புதுசாக ஒன்றுமில்லை. கூட வந்த வெளிநாட்டு மாணவர்களுக்குத்தான் ஒரே குழப்பம்.

ஆனால் கல்வித்துறைக்கு இது புரிவதில்லை. அரசியல் துறை ஒரு கட்டிடம், சமயவியல் இன்னொரு கட்டிடம். வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இடத்தில் அரசியல்காரர்கள் என் ஆய்வைச் சமயவியல் என்றார்கள், வேறோர் இடத்தில் சமயவியல்காரர்கள் அதைச் சட்டம் என்றார்கள். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே காகிதத்தில், ஒரே முத்திரைக்குக் கீழே வரும்: சாதிச் சான்றிதழ்.

வகுப்பில் நான் முதலில் எடுப்பது சூசை வழக்கு. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்தவர் சூசை. ஆதி திராவிடர், கிறிஸ்தவர். செருப்புத் தைக்கிறவர்களுக்கு அரசு பெட்டிக்கடை கொடுத்தபோது, பட்டியல் சாதி இந்துக்களுக்குத்தான் என்று அவருக்கு இல்லை என்றார்கள். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதி ஆணை முதலில் பெரும்பாலும் இந்துக்களுக்கே இருந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியேதான். மதம் மாறிய பிறகும் பழைய இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சூசையின் மனுவைத் தள்ளியது. வகுப்பில் கிளாஸ்கோ பக்கத்துக் கோட்பிரிட்ஜ் என்ற ஊர்ப் பையன் ஒருவன் கேட்டான்: “அவர் அதே ரோட்டில் அதே செருப்பைத்தானே தைத்தார்?” அவனுடைய தாத்தா வேலைக்கு எழுதிப் போடும்போது பள்ளியின் பெயரை எழுதாமல் விட்டுவிடுவாராம். அன்றைக்கு வகுப்பில் நான் அதிகம் பேச வேண்டி வரவில்லை.

அடுத்த வாரம் தேவிகுளம். சொந்த ஊரைப் பாடமாக நடத்துவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். தேவிகுளம் தனித் தொகுதி. 2021-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா ஜெயித்து, சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். வாசகத்தில் ஒரு சொற்றொடர் விட்டுப்போனது என்று மறுபடி எடுக்க வைத்தார்கள். அது சின்னச் சங்கடம். பெரியது 2023 மார்ச்சில் வந்தது. அவர் கிறிஸ்தவர், பட்டியல் சாதி இடத்தில் நிற்கத் தகுதியில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. சர்ச் பதிவேடும் கல்யாண ஃபோட்டோவும் சாட்சியாயின. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, அவர் பதவி செல்லும் என்றது.

கட்சி எதுவாகவும் இருக்கட்டும். அந்த வழக்கில் கேட்ட கேள்விகள் எஸ்டேட்டில் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மாடசாமிக்குப் படையல் போடும் வீடும் ஜெபக்கூட்டம் நடக்கும் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டிருக்கும், பல சமயம் அது அண்ணன் வீடும் தம்பி வீடும். எங்கள் வீட்டிலேயே சித்தி சி.எஸ்.ஐ., அம்மா மாரியம்மன். யார் எதைக் கும்பிட்டாலும் டவுனில் அவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை ஒன்றுதான். மதத்தைத் தாண்டினால் தேதி நிற்கும். வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பம் என்றால் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். பத்திரம், பட்டா, வரி ரசீது கேட்பார்கள். லயத்தில் இருந்தவனுக்கு ஏது பட்டா? நான்கு தலைமுறை இருந்தாலும் வீடு கம்பெனியுடையது, வேலை ஓய்ந்தால் காலி செய்ய வேண்டும். அம்மா ஓய்வு பெறும் முன்பே தம்பி மனைவி கொழுந்துக்குப் பெயர் கொடுத்ததால்தான் எங்களுக்கு இன்னும் அந்தக் கதவு திறக்கிறது. அவள் பி.காம். படித்தவள். நான் இங்கே சமூக நீதி பற்றிப் பேப்பர் படிக்கும் ஒவ்வொரு கருத்தரங்கிலும் இந்தக் கணக்கு எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

2023 பிப்ரவரியில் பிரிட்டன் முழுக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். சம்பளம், பென்ஷன், குறுகிய கால ஒப்பந்தங்கள் என்று கோரிக்கைகள். என்னுடையதும் ஒப்பந்த வேலைதான், அது முடிந்தால் விசாவும் முடிகிற வேலை. அட்டை பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பதை அம்மாவுக்கு ஃபோனில் காட்டினேன்.

“ஏ பாப்பா, அங்கயும் சம்பளம் புடிப்பானா?”

“புடிப்பாங்கம்மா.”

“நின்னுட்டு ஏன் இருக்கீங்க? உக்காருங்க, ரோட்டுல.”

அவர் சொல்லலாம். 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் அவரும் ஒருவர். போனஸைக் குறைத்ததற்கு எதிராகத் திரண்டு, எல்லாக் கட்சிச் சங்கத் தலைவர்களையும் கிட்டே விடாமல், பொம்பிளை ஒருமை என்று பேர் வைத்து 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அப்போது நாள்கூலி 232 ரூபாய். கேட்டது 500, பிறகு வந்தது 301. அந்தப் போராட்டம் பற்றி ஆங்கிலத்தில் வந்த கட்டுரைகள் சிலவற்றை அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். “இவ்வளவு யோசிச்சா நாங்க உக்காந்தோம்?” என்று சிரித்தார். கோட்பாட்டுக்கு அதைவிட நல்ல விமர்சனம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

காப்பகத்துக்கு இப்போதும் போகிறேன். நான் பார்த்த கட்டுகளில் துரைமார் பெயர் முழுதாக இருக்கிறது, அவர்கள் லீவும் பயணச் செலவும் இருக்கிறது. தொழிலாளி என்றால் எண்ணிக்கை. இந்தத் தோட்டத்துக்கு இத்தனை ஆள், 1924 வெள்ளத்துக்குப் பிறகு இத்தனை. தாத்தாவின் பெயரைத் தேடித்தான் முதலில் உட்கார்ந்தேன், கிடைக்கவில்லை. பெயர் இருந்தது எஸ்டேட் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில், ஆள் கூட்டி வந்த கங்காணியின் நோட்டில். அவை சீமைக்கு வரவில்லை.

அதனால் ஊரில் இருக்கிறவர்களிடம் கேட்கிறேன். பழைய செக்ரோல் தாள், எஸ்டேட் ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூட அட்மிஷன் நகல், ஞானஸ்நானச் சீட்டு, கோயில் வரி நோட்டு என்று 1950-க்கு முந்தையது எது இருந்தாலும் லயம் மாறும்போது அடுப்பில் போட்டுவிடாதீர்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள், தேதியும் முத்திரையும் தெரிகிற மாதிரி. வாய்வழியாகத் தெரிந்ததை வயதானவர்களிடம் கேட்டு, எந்த டிவிஷன், எந்தக் கங்காணி என்று கூடவே எழுதி வையுங்கள். இங்கே வந்து பார்க்க நினைக்கிற பிள்ளைகள் முன்கூட்டியே எழுதி, எந்தக் கட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். உள்ளே பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான்.