டூல் அடாப்டேஷன் எடுப்பவர்களுக்கு: முதலில் பக்கத்தில் உட்காருங்கள், அப்புறம் ஆல்ஃபா

ரிசல்ட் வந்துவிட்டது. எம்.எஸ்சி. நர்சிங், சமூக சுகாதாரப் பிரிவு, டிசர்டேஷனோடு சேர்த்துப் பாஸ். மதிப்பெண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இதை எழுத மனசு வந்தது. அடுத்த பேட்சில் திருநெல்வேலிப் பக்கம் களம் வைத்துக்கொண்டு ‘டூல் அடாப்டேஷன்’ (வேறிடத்தில் உருவான வினாத்தாளை நம் களத்துக்கு ஏற்றபடி மாற்றுவது) எடுக்கப்போகிறவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காக.

என் தலைப்பு, ஒருங்கிணைந்த பராமரிப்பை அளக்கும் வினாத்தாளைக் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஏற்றபடி மாற்றியமைப்பது. அடிப்படை, பிம் வாலன்டைன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட, ஒருங்கிணைந்த பராமரிப்பை விளக்கும் ரெயின்போ மாடல். கிளினிக்கல், புரொஃபஷனல், ஆர்கனைசேஷனல், சிஸ்டம் என்ற நான்கு அடுக்கும், அவற்றை இணைக்கும் ஃபங்ஷனல், நார்மேட்டிவ் இரண்டும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வினாத்தாளை வேறு மொழிக்கு மாற்ற பீட்டன் 2000-இல் சொன்ன படிநிலைகளும் தெரியும். டி1, டி2 என்ற இரண்டு தனித்தனி மொழிபெயர்ப்புகள், தொகுப்பு, பேக் டிரான்ஸ்லேஷன், நிபுணர் குழு, முப்பது நாற்பது பேரிடம் ப்ரீடெஸ்ட். அவற்றை நான் விளக்கப்போவதில்லை. எல்லா டிசர்டேஷனிலும் அந்த அம்புக்குறிப் படம் இருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு வேலையைப் பற்றி. ப்ரீடெஸ்டில் தாளைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் அவர் எப்படி அந்தக் கட்டத்துக்கு வந்தார் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வது. காக்னிட்டிவ் இன்டர்வியூ என்று புத்தகத்தில் அரைப் பக்கம் போட்டிருப்பார்கள். என் ஆய்வு நின்றதே அந்த அரைப் பக்கத்தில்தான். புரபோசல் பரிசீலனையில் ஒரு மூத்தவர், “கதை கேக்கறதெல்லாம் ரிசர்ச்சா? நேரா டேட்டா எடுங்க” என்றார். அந்தச் சொல் இன்னும் வலிக்கிறது. ஆனாலும் அந்தப் பகுதியை நான் நீக்கவில்லை.

நடந்தது இது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், வி.எச்.என்.கள் (கிராம சுகாதாரச் செவிலியர்கள்), துணை சுகாதார நிலையத்தின் இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்கள் எல்லோரும் என் மாதிரியில் இருந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாந்திரக் கூட்டம் முடிந்ததும் முதல் கட்டத் தாள்களை நிரப்பித் தந்தார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது, தாள்களும் பார்க்க அழகாக இருந்தன. பெரும்பாலானவர்கள் மேலிருந்து கீழே ‘முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்’, மற்றவர்கள் மேலிருந்து கீழே ‘ஒத்துக்கொள்கிறேன்’. கேள்விகளின் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் ஆல்ஃபா 0.9-ஐத் தாண்டியது. அதோடு நிறுத்தியிருந்தால் அந்த எண்ணைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

புரபோசலில் எழுதியபடி அடுத்த கட்டம் வீடுகளில். முக்கூடல் பக்கம் ஒரு தன்னார்வலர் அக்கா, மடியில் சொளவு வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பேசினார். “இந்த நாலாவது கேள்விக்கு ஏன்க்கா இந்தக் கட்டத்துல டிக் போட்டிய?” என்று கேட்டேன். ரிஃபர் ஆன நோயாளி பற்றிய தகவல் திரும்ப வந்து சேருகிறதா என்பது அந்தக் கேள்வி. “இல்லன்னு போட்டா எங்க வி.எச்.என். அக்காவுக்குல்ல கெட்ட பேரு. மேல இருந்து கேப்பாவ” என்றார். “சரிக்கா, கடைசியா நீங்க அனுப்பி வச்ச ஆளு யாரு? அவுகளுக்கு என்ன ஆச்சு?” அப்போதுதான் உண்மை வந்தது. சர்க்கரைக் கால் புண்ணோடு ஒரு பெரியவரை அனுப்பியிருக்கிறார். அவர் அம்பாசமுத்திரம் போய், அங்கிருந்து திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், விரல் எடுத்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். மாத்திரை கொடுக்கப் போன வீட்டில்தான் அக்காவுக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டு பெரியவரின் மஞ்சப்பையிலேயே கிடந்திருக்கிறது. இத்தனைக்கும் அந்தத் தாளில் டிக் ‘முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்’.

இதைப் புள்ளியியலாகச் சொல்கிறேன், வாய்மொழித் தேர்வான வைவாவில் உதவும். பயத்தில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பக்கம் சாய்ந்து பதில் போடும்போது கேள்விகளுக்கிடையே ஒட்டுறவு செயற்கையாகக் கூடும், ஆல்ஃபாவும் சேர்ந்து ஏறும். அந்த எண் பராமரிப்பின் ஒருமைப்பாட்டைச் சொல்லவில்லை, பயத்தின் ஒருமைப்பாட்டைத்தான் சொல்கிறது. குரோன்பாக் 1951-இல் கொடுத்த சூத்திரத்துக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அதற்குப் பிறகு செய்த மாற்றங்கள்:

— ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ஒரு வரி: “கடைசியாக நீங்கள் மேல்மருத்துவமனைக்கு அனுப்பிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்.” வேறு எதை எடுத்தாலும் இதை மட்டும் எடுக்காதீர்கள்.

— ‘ஒத்துக்கொள்கிறேன்’ வரிசைக்குப் பதிலாக ‘எப்போதும், பெரும்பாலும், சில நேரம், அரிதாக, ஒருபோதும் இல்லை’. இதற்கு நிபுணர் குழுவின் சம்மதத்தோடு மூல ஆசிரியர்களின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும்.

— எதிர்மறைக் கேள்விகளை நேர்மறையாக்கினோம். ‘தகவல் கிடைப்பதில்லை’ என்பதற்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று டிக் போடும் நிலையில் நல்ல அனுபவசாலியே தடுமாறுகிறார்.

— தாளில் பெயர், துணை சுகாதார நிலையத்தின் பெயர் இரண்டும் கிடையாது. கூட்ட நாளில் தாள் கொடுக்கவே கூடாது.

‘டீம்’ விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘எங்கள் குழுவுக்குப் பொதுவான இலக்கு இருக்கிறது’ என்ற கேள்விக்கு ஒரு அக்கா, “டீம்னா யாரச் சொல்லுதிய சிஸ்டர்? நானும் வி.எச்.என். அக்காவுந்தான். பிசியோ சாரு எல்லா ஊருக்கும் ஒத்த ஆளு, எப்பவாச்சும் வருவாரு” என்றார். ரெயின்போ மாடல் நெதர்லாந்தில் உருவானது. சுய உதவிக் குழுவிலிருந்து வந்த ஒரு பெண், 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ஒரு திட்டத்துக்காக வீடு வீடாக பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பதை அந்த வினாத்தாள் எதிர்பார்த்திருக்க முடியாது. அதனால் டீம் என்பவர்கள் யார் என்று பணிப்பெயரோடு பட்டியல் போட்டோம். பட்டியல் வந்ததும் பதில்கள் எல்லாக் கட்டங்களுக்கும் பரவ ஆரம்பித்தன.

சிஸ்டம் அடுக்கிலும் இந்த ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வள்ளியூர், பணகுடிப் பக்கத்து ஆட்களில் பலர் நாகர்கோவிலுக்குத்தான் போவார்கள், அது வேறு மாவட்டம். 2019 நவம்பரில் தென்காசி பிரிந்த பிறகு ஆலங்குளம், கடையம் அந்தப் பக்கம் போனாலும், அங்கிருந்து ஹைகிரவுண்டுக்கு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ‘உங்கள் மாவட்டத்து மருத்துவமனையோடு’ என்று கேட்டால் எல்லையோர ஊர்களின் பதில் பிசகும். ‘உங்கள் பகுதி மக்கள் வழக்கமாகப் போகும் பெரிய மருத்துவமனையோடு’ என்று கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக.

டி2 மொழிபெயர்ப்பாளர் மருத்துவத் துறை ஆளாக இருக்க வேண்டாம். பள்ளி ஆசிரியர் நல்ல தேர்வு. பேக் டிரான்ஸ்லேஷன் செய்பவர் மூலத்தைப் பார்த்திருக்கவே கூடாது. துறையிலேயே ஒருவரைப் பிடித்து ஒப்பேற்றினால் வைவாவில் முதல் அடி அங்கேதான் விழும்.

நிபுணர் குழுவில் பேராசிரியர்கள் மட்டும் வேண்டாம். ஒரு வி.எச்.என்., ஒரு பகுதி சுகாதாரச் செவிலியர் கட்டாயம். ஒரு கேள்வி பொருத்தம் என்று சொன்ன நிபுணர்களின் விகிதம்தான் ஐ-சி.வி.ஐ.; அதற்கு 0.78 என்ற வரம்பு ஆறு பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான். ஐந்து பேர் என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், அதாவது 1.00. இதைக் கேட்டே தீருவார்கள்.

சாம்பிள், ஒரு கேள்விக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர் என்பது பழைய கணக்கு, பரீட்சைக்குப் போதும். கேள்விகள் எப்படிக் குழுக்களாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வையும் அதை உறுதிசெய்யும் சி.எஃப்.ஏ.வையும் ஒரே ஆட்களின் டேட்டாவில் ஓட்டாதீர்கள். எத்தனை காரணிகள் என்று முடிவுசெய்ய ஐகன் மதிப்பு 1-க்கு மேல் என்ற விதியை மட்டும் நம்பினால் தேவைக்கு மேல் காரணிகள் வந்து நிற்கும். ஹார்ன் 1965-இல் சொன்ன பேரலல் அனாலிசிஸ் சேர்த்துப் போடுங்கள். ஐந்து கட்ட அளவுகோல் என்பதால், வரிசைப் பதில்களுக்கான பாலிகோரிக் ஒட்டுறவு பொருத்தம். ஆர் மென்பொருள் இலவசம், கற்றுக்கொள்ளலாம்.

அதே ஆட்களிடம் மறுபடி கேட்கும் டெஸ்ட் ரீடெஸ்டுக்கு இரண்டு வாரம் விட்டுப் போங்கள். நடுவில் தடுப்பூசி முகாம், இன்ஸ்பெக்ஷன் எதுவும் வராதபடி நாள் பாருங்கள்.

கூகுள் ஃபார்ம் வேண்டாம். நான் பேசிப் பழகும் சுபாவம் உள்ளவள், அதனால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அந்த லிங்க் வாட்ஸப் குழு வழியாகப் போகும், குழுவில் அதிகாரிகளும் இருப்பார்கள், பழைய பயம் திரும்பி வரும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்குப் போங்கள். பீடிக் கட்டைக் கடையில் ஒப்படைக்கக் கிளம்பும் நேரத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். கர்ப்பிணிப் பதிவுக்கான பிக்மி எண், ரிஜிஸ்டர், ஆப் என்று ஏற்கெனவே எழுதி ஓய்ந்த கைகள் அவை. நீங்கள் படித்து, அவர்கள் சொல்ல, நீங்களே குறித்துக்கொள்வதாக இருந்தால் எத்திக்ஸ் விண்ணப்பத்திலேயே அப்படி எழுதிவிடுங்கள்.

வைவாவில் என்னிடம் அதிக நேரம் கேட்டது, “ப்ரீடெஸ்டில் இருந்த ஆல்ஃபா இறுதியில் ஏன் குறைந்தது?” என்றுதான். குறைந்தும் 0.70-க்கு மேலேதான் இருந்தது. கேள்வி வாரியாக முதல் பதில், அவர் சொன்ன காரணம், நாங்கள் செய்த மாற்றம் என்று மூன்று நெடுவரிசை அட்டவணை ஒன்று வைத்திருந்தேன். வெளித் தேர்வாளர் அதை வரி வரியாகப் படித்தார். கால் புண் பெரியவரின் வரியில் நின்று, “இவருக்கு அப்புறம் டிரஸ்ஸிங் யார் செய்தது?” என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஆல்ஃபாவைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

அந்த அட்டவணையை இணைப்பில் தள்ளாதீர்கள், முடிவுகள் அத்தியாயத்திலேயே வையுங்கள். வினாத்தாளின் மூல ஆசிரியர்கள் கொடுத்த அனுமதிக் கடிதம் மட்டும் இணைப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அதற்கான மின்னஞ்சலைத் தலைப்பு முடிவான வாரமே அனுப்பிவிடுங்கள், பதில் வர நாளாகும்.