ஃபைனலுக்குத் தனி விமானமா? கிளம்பும் நேரத்தை விடுங்கள், திரும்பும் நேரத்தைச் சொல்லுங்கள்

சார்ட்டர் விமானம், அதாவது முழு விமானத்தையும் வாடகைக்கு எடுப்பது, அதை ஏற்பாடு செய்து தரும் வேலையில் இருப்பதால், பெரிய மேட்ச் வரும்போதெல்லாம் நண்பர்கள், நண்பர்களின் முதலாளிகள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வரிசையாக போன் வரும். எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" அடுத்து, "எந்த ஜெட்?" சரி, ரெண்டுமே கேட்க வேண்டியதுதான். ஆனால் பணம் இருந்தால் விமானம் எப்படியாவது கிடைத்துவிடும். இறங்கிய பிறகு அது எங்கே நிற்கும், விமானிகள் எங்கே தூங்குவார்கள், ஆட்டம் முடிந்து எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்ப முடியும் என்பதெல்லாம் கடைசி நேரத்தில் பணத்தால் மட்டும் தீராது. அதனால் நான் எப்போதும் திரும்பி வரும் பயணத்திலிருந்துதான் பின்னோக்கித் திட்டம் போடுவேன்.

அகமதாபாத்தையே எடுத்துக்கொள்கிறேன், நம் ஊரிலிருந்து அதிகம் பேர் கேட்பது அதுதான். 2023 நவம்பர் 19, ஒருநாள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மொட்டேராவில் இருக்கும் நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் 1,32,000 பேர் உட்காரலாம். ஊரின் விமான நிலையத்துக்கு ஓடுபாதை ஒன்றே ஒன்று. வழக்கமான பயணிகள் விமானங்களும் அதில்தான் ஏறி இறங்க வேண்டும். இந்தியா ஃபைனலுக்குப் போகிறது என்று உறுதியானது நவம்பர் 15 ராத்திரி, வான்கடேயில் நியூசிலாந்தை ஜெயித்த பிறகு. அந்த நிமிஷத்திலிருந்து ஃபைனல் வரைக்கும் இருந்தது நாலு நாள்கூட முழுசாக இல்லை. நாட்டில் சார்ட்டர் விமானம் தேடுகிற அத்தனை பேரும் அந்த இடைவெளியில்தான் போனை எடுத்தார்கள். நூறுக்கு மேற்பட்ட தனி விமானங்கள் வரும் என்று அந்த வாரமே செய்திகளில் பேச்சு அடிபட்டது. ஆனால் அகமதாபாத்தில் சின்ன விமானங்களை நிறுத்திவைக்க இருக்கும் இடம் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வராது.

அப்போது என்ன நடக்கும்? உங்களை இறக்கிவிட்டு விமானம் உடனே காலியாகப் பறந்து போய் வேறு ஊரில் நிற்கும். வடோதரா, சூரத், ராஜ்கோட், உதய்பூர், இந்தூர் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. ராத்திரி மறுபடி காலியாக வந்து உங்களை ஏற்றும். இந்த வெற்றுப் பயணங்களுக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். பணம் போனாலும் பரவாயில்லை என்றால், அடுத்த சிக்கல் நேரம். விமானம் நிற்கப் போகும் ஊரின் நிலையம் ராத்திரி எத்தனை மணிவரை இயங்குகிறது என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். எங்கள் துறையில் அதை வாட்ச் அவர்ஸ் என்போம். பதினொரு மணிக்கு மூடிவிடும் நிலையத்தில் விமானத்தை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு மணிக்கு வந்து ஏற்றிக்கொள்ளச் சொன்னால் யாராலும் வர முடியாது. நிலையத்தை நீட்டித்துத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்கலாம், அதற்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இதை விலைப்பட்டியலிலேயே தெளிவாக எழுதித் தரும் ஆபரேட்டர் (விமானத்தை வாடகைக்கு விட்டு இயக்கும் நிறுவனம்) என்றால் எனக்கு நம்பிக்கை வந்துவிடும். "பார்க்கிங்கெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்கிறவரிடம் நான் போகமாட்டேன்.

இது நம் ஊர் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் நடந்தபோது, அந்த நகரத்தைச் சுற்றியுள்ள நிலையங்களில் தனி விமானங்களுக்கு இருந்த சுமார் 475 இடங்களும் முன்பதிவிலேயே தீர்ந்துபோயின. இடம் பதிவு செய்யாமல் போய் இறங்கவே முடியாது என்ற நிலை. அமெரிக்காவில் அகஸ்டா என்ற சின்ன ஊரில் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கும். வந்து குவியும் ஜெட்களை நிறுத்துவதற்காக அங்கே இரண்டு ஓடுபாதைகளில் ஒன்றை மூடிவிட்டு அதன் மேலேயே வரிசையாக நிறுத்துவார்கள். மொனாக்கோ கிராண்ட் பிரீ கார் பந்தயம் என்றால் அந்த நாட்டுக்கு விமான நிலையமே கிடையாது, பக்கத்தில் பிரான்ஸின் நீஸ் நகரில் இறங்கி ஹெலிகாப்டரிலோ காரிலோ போக வேண்டும். ஊர் மாறும், நிறுத்த இடமில்லாத கதை மட்டும் மாறாது.

அப்புறம் வான்வெளி. அகமதாபாத் ஃபைனல் அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். அதற்கு முன்னால் விமானப்படையின் சூர்யகிரண் குழு ஸ்டேடியத்துக்கு மேலே ஒன்பது விமானங்களோடு சாகசம் காட்டியது. ஸ்டேடியமும் விமான நிலையமும் அவ்வளவு பக்கம், அதனால் அந்த நேரத்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வான்வெளியை மூடி வைத்தார்கள். இது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட விஷயம்தான். நோட்டாம் என்று விமானிகளுக்கு வரும் அறிவிப்புகளைப் படித்தால் தெரிந்துவிடும். அன்றைக்குப் பிரதமரும் வந்தார், ஆஸ்திரேலியத் துணைப் பிரதமரும் வந்தார். அந்த மாதிரிப் பயணங்களின்போது எந்த நேரத்தில் யாரை எவ்வளவு நேரம் காத்திருக்க வைப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. "ஒன்றரைக்கு இறங்கினால் டாஸ் போனாலும் முதல் ஓவரைப் பிடித்துவிடலாம்" என்று கணக்குப் போடுபவர்களிடம் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன்: காலை பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள், இல்லையென்றால் முதல் நாளே போய்விடுங்கள்.

காலையில் சீக்கிரம் போனால் விமானிகள் விஷயம் வந்து நிற்கும். இதைத்தான் பயணிகள் கடைசியாக யோசிக்கிறார்கள், நான் முதலில் யோசிப்பேன். சென்னையிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்ப விமானிகள் ஏழு மணிக்கெல்லாம் வேலைக்கு வந்திருக்க வேண்டும். ஆட்டம் ராத்திரி பத்து மணி வாக்கில் முடிகிறது, கூட்டத்திலிருந்து வெளியே வந்து நிலையம் சேர்ந்து, வரிசையில் நின்று ஏறும்போது ஒரு மணி ஆகிவிட்டது என்றால், சென்னையில் இறங்கும்போது அவர்கள் வேலைக்கு வந்து இருபது மணி நேரம் ஆகியிருக்கும். எந்த விதியும் அதற்கு இடம் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. தூக்கமில்லாத விமானி ஓட்டும் விமானத்தில் என் வீட்டு ஆட்களை நான் ஏற்றமாட்டேன், வாடிக்கையாளரையும் ஏற்றமாட்டேன். ஆக வழிகள் இரண்டு. திரும்பும் பயணத்துக்கு இன்னொரு ஜோடி விமானிகளை முன்னாடியே அந்த ஊரில் கொண்டுவந்து வைப்பது. இல்லையென்றால் ராத்திரி தங்கிவிட்டு, விமானிகள் ஓய்வெடுத்த பிறகு மறுநாள் கிளம்புவது. இரண்டுக்கும் ஓட்டல் அறை வேண்டும். ஃபைனல் வாரத்தில் அகமதாபாத் அறை வாடகை எங்கே போய் நின்றது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அதனால் விருந்தினர்களுக்கு அறை போடுவதற்கு முன்னால் விமானிகளுக்கு அறை போட்டுவிடுவேன். விமானம் வடோதராவில் நிற்கிறது என்றால் இன்னும் வசதி, அங்கேயே அவர்கள் தூங்கி எழுந்து வருவார்கள்.

என்னைக் கேட்டால் மறுநாள் காலை கிளம்புவதுதான் சரி. ஆட்டம் முடிந்த உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே ஓடுபாதைக்கு வருகிறார்கள். அந்த ஃபைனலில் டிராவிஸ் ஹெட் 137 அடித்து ஆஸ்திரேலியா 43 ஓவரில் முடித்துவிட்டது, எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே. மனசு உடைந்த கூட்டம் அவ்வளவும் சீக்கிரம் ஊர் போய்ச் சேர வேண்டும் என்றுதான் நினைக்கும். ஆனால் உங்களுக்கு ஒதுக்கிய புறப்பாட்டு நேரம் நள்ளிரவு பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரைதான், ஆட்டம் முன்னால் முடிந்தது என்பதற்காக யாரும் வரிசையை மாற்றித் தரமாட்டார்கள். ஆட்டம் நீண்டாலும் இதே பாடுதான். லாஸ் வேகாஸில் அந்த சூப்பர் பௌல் கூடுதல் நேரத்துக்குப் போய்த்தான் முடிந்தது.

ஆட்டம் நீளுவதைப் பற்றிச் சொன்னால் 2023 ஐபிஎல் ஃபைனலைச் சொல்லாமல் விட முடியாது. சிஎஸ்கேயும் குஜராத் டைட்டன்ஸும், அதே ஸ்டேடியம். மே 28 ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டியது, மழை விடவே இல்லை, டாஸ்கூடப் போடவில்லை. மறுநாளுக்குத் தள்ளினார்கள். மஞ்சள் சட்டையோடு நம் ஊர் ஆட்கள் அகமதாபாத் ரயில் நிலையத்தில் படுத்துத் தூங்கிய படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். மறுநாள் குஜராத் 214 அடித்தது, சாய் சுதர்சன் 96. சிஎஸ்கே இன்னிங்ஸில் மூணு பந்து போட்டதும் திரும்ப மழை. நள்ளிரவு தாண்டித்தான் மறுபடி ஆரம்பித்தார்கள், இலக்கை 15 ஓவரில் 171 என்று மாற்றி. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவை, ஜடேஜா ஒரு சிக்ஸர் ஒரு பவுண்டரி. எழுதும்போதே கை சிலிர்க்கிறது. அது முடியும்போது மே 30 பிறந்து ஒன்றரை மணி ஆகியிருந்தது.

இப்போது இதை ஒரு சார்ட்டர் கணக்காகப் பாருங்கள். ஞாயிறு காலை போய் ஞாயிறு ராத்திரி திரும்புவதாகப் போட்ட திட்டத்தில், விமானம் திங்கள்கிழமை வேறு வாடிக்கையாளருக்குப் பதிவாகியிருந்தால் என்ன செய்வது? நீங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வர வேண்டும், இல்லை விமானத்தை அனுப்பிவிட்டு வேறு வழி தேட வேண்டும். அதனால் ரிசர்வ் டே, அதாவது மழை வந்தால் ஆட என்று ஒதுக்கிய மாற்று நாள், இருக்கிற எந்த ஆட்டத்துக்கும் அந்த இரண்டாவது நாளையும் சேர்த்தே விமானத்தைப் பிடித்து வைக்க வேண்டும். கூடுதல் நாளுக்கான காத்திருப்புக் கட்டணம், விமானிகளின் இன்னொரு ராத்திரி, நிறுத்தும் இடம் இன்னொரு நாள் கிடைக்குமா என்பது, எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். உலகக் கோப்பை ஃபைனலுக்கும் நவம்பர் 20 ரிசர்வ் நாளாக இருந்தது. அது தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

செலவுக்கு வருகிறேன். மணிக்கு இவ்வளவு லட்சம் என்று ஒரு ரேட் சொல்வார்கள், அதை வைத்து சென்னை–அகமதாபாத் ஜெட்டில் இரண்டு மணி நேரம், போக வர நாலு மணி நேரம் என்று பெருக்கிப் பார்த்தால் கணக்கு தப்பாகும். நாட்டில் வாடகைக்குக் கிடைக்கும் ஜெட்களில் பெரும்பாலானவை டெல்லியிலும் மும்பையிலும்தான் நிற்கின்றன. மும்பை விமானம் என்றால் முதலில் காலியாகச் சென்னை வரும், உங்களை அகமதாபாத்தில் விடும், நிறுத்த வேறு ஊர் போகும், திரும்ப வரும், உங்களைச் சென்னையில் விடும், காலியாக மும்பை போகும். நீங்கள் உட்கார்ந்து வருவது இரண்டு பயணம்தான், பறப்பது ஆறு பயணம். அதன்மேல் தரையிறங்கும் கட்டணம், ஹாண்ட்லிங் எனப்படும் தரைச் சேவைக் கட்டணம், விமானிகளின் தங்கும் செலவு, 18 சதவீத ஜிஎஸ்டி. கேட்கும்போதே "எல்லாப் பறப்பும், எல்லாக் கட்டணமும், வரியும் சேர்த்து மொத்தம்" என்று கேளுங்கள். கிங் ஏர் பி200 மாதிரி ப்ரொப்பெல்லர் விமானம் என்றால் ஏழெட்டுப் பேர் போகலாம், ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும், ஆனால் செலவு நன்றாகக் குறையும். ஒரு நாள் ஆட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து.

விலை ரொம்பக் குறைவாக யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள். நம் நாட்டில் காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்ற வேண்டுமானால் அந்த நிறுவனத்துக்கு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொடுத்த நான்-ஷெட்யூல்டு ஆபரேட்டர் (வாடகை விமானம் இயக்குபவர்) அனுமதி இருக்க வேண்டும், நீங்கள் ஏறப்போகும் விமானமும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். யாரோ ஒரு கம்பெனியின் சொந்த உபயோகத்துக்கான விமானத்தை, ஃபைனல் சமயத்தில் நண்பர் பழக்கத்தில் பணத்துக்குக் கொடுப்பது சட்டவிரோதம். ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். விமானத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள், அனுமதியின் நகலைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம், ஒழுங்கான ஆபரேட்டர் அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவார்.

சின்ன விஷயங்கள் சிலவும் உண்டு. எல்லோருடைய உடல் எடையையும் உண்மையாகச் சொல்லுங்கள், சின்ன விமானத்தில் எரிபொருள் கணக்கே அதைப் பொறுத்தது. கெட்டியான பெட்டி வேண்டாம், மடங்குகிற துணிப்பை கொண்டுவாருங்கள், பின்னால் இருக்கும் இடுக்கில் அதுதான் போகும். ஸ்டேடியத்துக்குள் பையை விடமாட்டார்கள் என்று எல்லாவற்றையும் விமானத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள்; அந்த விமானம் வடோதராவுக்குப் போய்விடும், அப்பாவின் இரவு மாத்திரையும் அதோடு போய்விடும். மருந்தைச் சட்டைப் பையில் வையுங்கள். குஜராத்தில் மதுவிலக்கு அமலில் இருக்கிறது, பர்மிட் இல்லாமல் பாட்டிலோடு இறங்கினால் வழக்குதான், தனி விமானம் என்பதால் சலுகை எதுவும் கிடையாது.

காரையும் யோசிக்க வேண்டும். மொட்டேரா சபர்மதி ஆற்றுக்கு மேற்கே, விமான நிலையம் கிழக்கே ஹன்சோலில். நடுவில் இந்திரா பாலத்தைத் தாண்ட வேண்டும். தூரம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் ஆட்ட நாளில் ஜன்பத் சந்திப்பிலிருந்து ஸ்டேடியம் வரை சாலையை மூடிவிடுவார்கள். டிரைவரை வாசலுக்கு வரச் சொல்லாதீர்கள், வர முடியாது. மூடிய பகுதிக்கு வெளியே ஓர் இடத்தைக் காலையிலேயே காட்டி, அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் நடந்து போங்கள். ஆட்டம் முடிந்ததும் செல்போன் சிக்னல் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு "நாங்கள் மூணு பேர்தான்" என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன், எனக்கு வருமானம் போனாலும். மூணு பேருக்கு முதல் நாள் மும்பைக்கோ வடோதராவுக்கோ சாதாரண டிக்கெட் எடுத்து, அங்கிருந்து ரயிலிலோ காரிலோ போவது எவ்வளவோ மேல். மும்பையிலிருந்து வந்தே பாரத்தில் ஐந்தரை மணி நேரத்தில் அகமதாபாத் போய்விடலாம். ஏழெட்டுப் பேர், கூடவே நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள், எல்லோரும் மறுநாள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும் என்றால் சார்ட்டர் நிஜமாகவே உதவும். அப்படியென்றால் செமி ஃபைனல் முடியும்வரை காத்திருக்காதீர்கள். நம் டீம் வராவிட்டால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அட்டவணை வெளியான வாரமே நிறுத்தும் இடத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.