திருச்சி – பலாலி: 185 கிலோமீட்டர், ஒரு மணி நேரம்

ஊருக்கு வந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போக எவ்வளவு நேரம்? யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்கோடு போட்டால் சுமார் 185 கிலோமீட்டர். சென்னைக்கு ரோட்டில் போகும் தூரத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்!

2025 மார்ச் இறுதியில் இண்டிகோ தொடங்கிய சேவை இது. ஏடிஆர் என்கிற, விசிறி வைத்த சிறிய விமானம், அட்டவணைப்படி ஒரு மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடிய விமானத்துக்கு இந்தத் தூரம் அரை மணிகூட இல்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் ஒரு மணி. உயரம் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடுகிறது.

ஜன்னல் சீட்டுக்குக் கூடுதல் காசு கேட்டாலும் யோசிக்காமல் கொடுங்கள். ஏடிஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைவதில்லை. பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் முடிந்ததும் பாக் நீரிணை. ஏறக்குறைய பாதி வழிதான் கடல்! இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இத்தனை நாள் கொழும்பு போய், அங்கிருந்து வடக்கே 400 கிலோமீட்டர் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்க்கொண்டிருந்தோம். 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமான பிறகும் டெல்டாக்காரர்கள் சென்னைக்குப் போய்த்தான் ஏற வேண்டியிருந்தது. எனக்கு அது பெரிய அநியாயமாகத்தான் பட்டது.

விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். குடியுரிமைச் சோதனை இரண்டு பக்கமும் உண்டு. வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போட்டால் அரை நாள் ஆகிறது. கடிகாரத்தை மாற்றும் வேலை மட்டும் இல்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

எரிச்சல் வந்தது பலாலியில் இறங்கிய பிறகுதான். யாழ்ப்பாணம் நகரம் பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். "ஐயாயிரம் வரும் அண்ணா" என்றார் ஓர் ஆட்டோக்காரர். இலங்கை ரூபாய்தான், ஆனாலும் இந்தியப் பை தெரிந்ததும் சொன்ன விலை அது. பேசிப் பேசி மூவாயிரத்துக்கு வந்தார். அதுவும் அதிகம் என்று தங்கிய விடுதியில் சொன்னார்கள். அறை எடுக்கும்போதே அவர்களிடம் சொல்லி வண்டி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காசு மிச்சமாகும்.

அந்தக் கோபத்தையெல்லாம் அன்றிரவு ஒடியல் கூழ் கரைத்துவிட்டது. பனங்கிழங்கு மாவில் நண்டு, இறால், மீன், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் வெந்து, புளியும் மிளகாயும் தூக்கலாக, பிளா என்கிற பனையோலைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். மூக்கில் நீர் வழிய வழியக் குடித்தேன். திருச்சியில் காலை இட்லி, யாழ்ப்பாணத்தில் இரவு கூழ்! இதற்காகவே டிக்கெட் போடலாம்.