காலா, மனமா?

திருகோணமலையில் மனநல கிளினிக்கில் தாதியாக வேலை தொடங்கிய காலத்தில், கொப்பியைத் திறக்கும் முன்பே என் வாயில் வரும் கேள்வி ஒன்றுதான்: "குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?" எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் மாதக் கணக்கில் கொப்பி நிரப்பியிருக்கிறேன்.

நிலாவெளிப் பக்கத்தில் கரைவலை இழுக்கும் குடும்பத்துத் தம்பி ஒருவன். ஆளில்லாத இடத்தில் தன்னைத் திட்டும் குரல்கள், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்ற பயம். நேர்த்தி வைத்து, நூல் கட்டி, எல்லாம் முடித்த பிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஹலோபெரிடோல் என்ற மனநோய்க் குளிசை தொடங்கி இரண்டு கிழமையில் தாய் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டான். ஆனால் வாங்கில் இருக்கமாட்டான். இருப்பான், எழும்புவான், கதவுவரை நடந்து திரும்புவான். நின்றாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, சீமெந்துத் தரையில் காலை மாற்றி மாற்றி வைப்பான். "பதற்றம் கூடியிருக்கிறது" என்று நான் எழுதினேன். டோஸ் கூடியது.

அடுத்த முறை தாய் தனியாக வந்தார். "இரவிரவாக் கடற்கரையில நடக்கிறான் மிஸ். குளிசையெல்லாம் மெத்தைக்குக் கீழ கிடக்கு."

அவனை எப்படியோ கூட்டிவரச் செய்தோம். அன்றைக்கு இருந்த டொக்டர் வருத்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, இருக்க விடாதது காலா, மனமா?" என்றார். அவன் அழுதுவிட்டான். "கால்தான் டொக்டர். உள்ளுக்குள்ள எறும்பு ஊருறமாதிரி."

மருந்தாலேயே வரும் இந்த இருக்கவிடாத தவிப்புக்கு அகதீசியா என்று பெயர். படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். கண்முன்னே நடந்தபோது அடையாளம் தெரியவில்லை. நோய் என்று நினைத்து மருந்தைக் கூட்ட, மருந்து அவனை இன்னும் ஓட வைத்திருக்கிறது.

இந்த மனநோய் மருந்துகள் பெரும்பாலும் மூளையில் டோபமீன் என்ற இரசாயனம் வந்து ஒட்டும் இடங்களை அடைத்துப் பிடிப்பவை. சும்மா கேட்ட சத்தத்துக்கும் பார்வைக்கும் பெரிய அர்த்தம் ஏறுவது அதனால் தணிகிறது. சிக்கல் என்னவென்றால், உடல் அசைவை நடத்தும் பகுதிக்கும் அதே டோபமீன்தான் வேண்டும். அந்த இடங்களில் ஏறத்தாழ 65 சதவீதம் அடைபட்டால் பலன் தெரியும். 80ஐத் தாண்டினால் விறைப்பும் நடுக்கமும் தலைகாட்டும். இடைவெளி அவ்வளவு ஒடுக்கம். 1952இல் பாரிசில் குளோர்புரோமசினை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு டோபமீன் கணக்கெல்லாம் தெரியாது. பலனைத்தான் முதலில் கண்டார்கள். அந்தப் பழைய குளிசை இன்றும் பாவனையில் உண்டு. அதைப் போடுபவரின் தோல் வெயிலில் சீக்கிரம் எரியும். கரைவலைக்காரனிடம் "வெயில்ல நிக்காதே" என்று எப்படிச் சொல்வது?

டோஸைக் குறைத்து, பிரஷருக்கும் கொடுக்கும் புரோப்ரனலோலைச் சேர்த்தார்கள். பிறகு மெதுவாக ரிஸ்பெரிடோன் என்ற புதிய வகை மருந்துக்கு மாற்றினார்கள். கால் அடங்கியது. குரல் நின்றுவிட்டதா என்று கேட்டேன். "நிக்கேல்லை மிஸ். பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிப் போச்சு" என்றான். வலைக் கிழிசலைப் பொத்தும் ஊசி திரும்பவும் கைக்கு வந்திருந்தது.

புதிய மருந்து என்றால் தொல்லை இல்லை என்பதில்லை, இடம் மாறும், அவ்வளவுதான். இன்னொரு புதிய மருந்தான ஒலான்சபின் போடும் ஒரு அக்காவுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பசிக்கும். பாண் இல்லாவிட்டால் சீனியை அள்ளிச் சாப்பிடுவார். "பிள்ளை இப்ப நல்லாச் சாப்பிடுது" என்று வீட்டில் சந்தோஷம். சீனி வருத்தம் வந்துவிடக்கூடாது என்று இடுப்பளவும் இரத்தமும் பார்த்தபடி நாங்கள்.

தம்பிக்குப் போன ஆவணியில் கலியாணம் பேசத் தொடங்கினார்கள். அந்த மாதக் கிளினிக்கில் என் கேள்விக்கெல்லாம் "ஒண்டுமில்லை மிஸ்" என்றான். கால்? ஒண்டுமில்லை. நித்திரை? ஒண்டுமில்லை. ஆனால் போகாமல் வாசலில் நின்றான். அப்புறம் எங்கள் அட்டென்டன் அண்ணை வந்து, என் முகத்தைப் பார்க்காமல், மெல்லச் சொன்னார்: "அந்தப் பெடியனுக்கு ஆம்பிளை விசயத்தில ஏதோ கரைச்சலாம். குளிசையாலயோ எண்டு கேக்கச் சொன்னவன்."

ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹோர்மோனைக் கூட்டும், அது கூடினால் இந்தக் கரைச்சல் வரலாம். குளிசையால்தான் என்பதற்கு நிறைய வாய்ப்பு. நான் ஒரு பெண், தாய் வேறு பக்கத்தில் நிற்கிறார். என்னிடம் எப்படிச் சொல்வான்? கொப்பியில் அரை வரி எழுதி, டொக்டரின் மேசையில் மேலாக வைத்தேன். தாயை மருந்து வாங்கும் வரிசைக்கு அனுப்பிவிட்டு, அவனை உள்ளே போகச் சொன்னேன்.